அத்தானிடம் சொல்லாதது

ஜூன் 3, செவ்வாய்

காலையில் மிக்சி புகைந்துவிட்டது. பாதி அரைத்த தேங்காயை அப்படியே மூடி வைத்துவிட்டு, மிளகாய்ப்பொடியோடு இட்லியை விழுங்கி ஓடினேன்.

மூன்று மணிக்கு வெளிநாட்டு ஆணையத்தோடு வீடியோ கூட்டம். எந்த நாடு என்று எழுதக் கூடாது. அங்கே நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் விடிந்துவிடும் என்பதையும் எழுதக் கூடாது. எழுதிவிட்டேன். கிழித்தால் பின்பக்கத்தில் இருக்கும் ரசப்பொடிக் குறிப்பும் போய்விடும். இருந்துவிட்டுப் போகட்டும்.

பத்து வருஷம் கழித்து நானே படித்தாலும் புரிய வேண்டும் என்பதற்காக: நான் கடன் சேவை உரிம ஆணையத்தில் வேலை பார்க்கிறேன். செல்போன் வழியாகக் கடன் கொடுக்க நினைக்கும் கம்பெனிகள் எங்களிடம் உரிமம் கேட்டு வரும். கம்பெனியை நடத்தப் போகிறவர் எப்படிப்பட்டவர் என்று விசாரிப்பது என் பிரிவு. அவர் முன்பு வேறு நாட்டில் தொழில் செய்திருந்தால் அந்த நாட்டு ஆணையத்தைக் கேட்போம். அவர்கள் கேட்டால் நாங்கள் சொல்வோம். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை ஊரில் விசாரிப்பதைப் போலத்தான். ஆனால் இங்கே விசாரித்ததை வெளியில் சொன்னால் வேலை போகும், வழக்கும் வரும்.

செல்போன்களை வெளியே தட்டில் வைத்துவிட்டு நானும் ரகோத்தமன் சாரும் உள்ளே போனோம். சார் எங்கள் பிரிவின் தலைவர். அந்தப் பக்கத்து அம்மாள் வழக்கம்போல நிபந்தனையை வாசித்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்: இந்தத் தகவலை உரிம முடிவுக்கு மட்டும் பயன்படுத்த வேண்டும், எங்கள் ஒப்புதல் இல்லாமல் யாருக்கும் காட்டக் கூடாது, விண்ணப்பித்தவருக்குக்கூட.

பிறகு சொன்னார். என்ன சொன்னார் என்பது இங்கே வராது. கூட்டம் முடிந்ததும் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏற்கெனவே பளிச்சென்று இருக்கும் கண்ணாடி அது.

ஜூன் 5, வியாழன்

மிக்சி மோட்டாரில் காயில் எரிந்துவிட்டதாம். கடைக்காரர் புதிதாக வாங்கச் சொல்கிறார். அவர் வேறு என்ன சொல்வார்.

ஜூன் 8, ஞாயிறு

கோயிலில் ஆராதனை முடிந்து அக்கா வீட்டில் சாப்பாடு. வீடு என்றால் கீழ்த்தளம். நான் இரண்டாவது மாடி. ராத்திரிச் சாப்பாடும் வழக்கமாக அங்கேதான். ஒரு ஆளுக்கு உலை வைப்பது வீண் என்று ரோஸ்லின் அக்கா சொல்லிச் சொல்லி, எனக்கும் அது சட்டமாகிவிட்டது.

ஞானதுரை அத்தான் வங்கி மேலாளராக இருந்து போன வருஷம் ஓய்வு பெற்றார். அன்றிலிருந்து வீட்டுக்கு மேலாளர். தண்ணீர் கேன்காரரை நிற்க வைத்து விளக்கம் கேட்பார். செருப்பு ஸ்டாண்டுக்குப் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார். “இவியளுக்கு ஒரு வேலை கெடச்சா வேளாங்கண்ணிக்கு நடந்தே வாரேன்” என்று அக்கா பல தடவை நேர்ந்துகொண்டாயிற்று.

இன்றைக்கு வாவல் மீன் குழம்பு. அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“ஒரு கம்பெனில டைரக்டரா கூப்புடுதாவ. புதுக் கம்பெனி. போன்ல லோன் குடுக்கது. சேர்மனே நேர்ல வந்து, ‘உங்க அனுபவம் எங்களுக்கு வேணும் சார்’னு சொன்னாரு.”

கம்பெனியின் பெயரைச் சொன்னார்.

எனக்குப் புரையேறிவிட்டது. அக்கா தலையில் தட்டினாள், அத்தான் தண்ணீர் கொடுத்தார். மீன் முள் என்றேன். முள்தான்.

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே ரகோத்தமன் சாரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்: செவ்வாய்க்கிழமை கூட்டத்தில் பேசிய அந்த விண்ணப்பத்தில் என் அக்கா கணவர் டைரக்டராகச் சேரப் போகிறார். சார் உடனே எழுதி வாங்கிக்கொண்டார். ஃபைல் இஸ்மத்துக்குப் போனது. கெட்டிக்காரப் பெண், எனக்கு எதிர் மேஜை. மதியத்துக்குள் என் கணினியில் அந்த ஃபோல்டரே காணாமல் போனது. கண்ணுக்குத் தெரிவதை இப்படி எடுத்துவிடலாம். மண்டைக்குள் இருப்பதை எடுக்கக் கணினிப் பிரிவில் ஆள் இல்லை.

“சார், ஒண்ணே ஒண்ணு. அத்தான்கிட்ட ‘வேண்டாம்’னு மட்டும் சொல்லலாமா? காரணம் சொல்ல மாட்டேன்.”

“வேண்டாம்ங்கறது ஒரு வார்த்தையா ஜெசிந்தா? முழு ஃபைலும் அதுக்குள்ள இருக்கே.”

பிறகு உட்காரச் சொல்லி ஒரு பழைய கதையைச் சொன்னார். எங்களைப் போன்ற வேறொரு ஆபீசில் யாரோ ஒருவர் மச்சானிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டாராம். மச்சான் போய்க் கம்பெனிக்காரரிடமே கேட்டுவிட்டார். விஷயம் வெளிநாடு வரை போய், அந்த ஆணையம் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டது. அந்த இடைவெளியில் விசாரிக்க வழியில்லாமல் உரிமம் வாங்கிப் போனவர்களில் ஒருவன், கடன் வாங்கிய பெண்களின் படங்களை அவர்கள் உறவினருக்கெல்லாம் அனுப்பி மானத்தை வாங்கினான்.

“நம்ம வாய நம்பித்தான் அவா வாய தொறக்கறா” என்றார் சார்.

‘உறவினர் விண்ணப்பத்தில் நான் இல்லை’ என்பதை மட்டும் வீட்டில் சொல்லலாம். அது எல்லோருக்கும் பொதுவான விதி.

ஜூன் 15, ஞாயிறு

சொன்னேன். அத்தான் ரொம்பப் பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டார். “கரெக்ட். என் தம்பி லோன் கேட்டப்ப நானும் ஃபைல வேற ஆபீசர்கிட்ட தள்ளிட்டம்லா. அதாம் முறை.”

கோட்டு தைக்கக் கொடுத்திருக்கிறார். சென்னை வெயிலில் கோட்டு! விசிட்டிங் கார்டு மாதிரிகள் இரண்டைக் காட்டி எது நன்றாக இருக்கிறது என்றார். நீல எழுத்து என்றேன். அவர் முகத்தைப் பார்க்காமல் கார்டைப் பார்த்துச் சொன்னேன். கார்டைத்தானே பார்க்க வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

அத்தான் சபையில் எல்லோருக்கும் கார்டு கொடுத்தாயிற்று. பாடகர் குழுவில் இருக்கும், வேலை தேடும் இரண்டு பேருக்கு நம்பிக்கையும் கொடுத்தாயிற்று. போதகர் ஜெபத்தில் ‘எங்கள் சகோதரரின் புதிய ஊழியத்தை’ என்றார். நான் ஆமென் சொல்லவில்லை. தொண்டை கட்டியிருந்தது.

ஜூன் 27, வெள்ளி

புது மிக்சி. சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைக்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

சாப்பாட்டுக்கு முன்னால் அத்தான் ஒரு பெட்டியை நீட்டினார். வெல்வெட் மூடி, உள்ளே பாதாம், பிஸ்தா, அத்திப்பழம்.

“சேர்மன் குடுத்தாரு. உனக்குன்னு தனியா.”

“எனக்கா? என்னை அவருக்கு எப்படித் தெரியும்?”

“என்ன ஜெசி, மொத நாளே தெரியும். வீட்டுக்கு வந்தப்பவே கேட்டாருல்லா, ‘உங்க சிஸ்டர் இன் லா அந்த ஆணையத்துலதான இருக்காங்க’ன்னு.”

மொத நாளே.

குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. அத்தான் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். அவருடைய முப்பத்தெட்டு வருஷ அனுபவத்தை யாரோ தேடி வந்து கேட்டிருக்கிறார்கள் என்று. எனக்கு வேறு என்னென்னவோ தோன்றியது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

பெட்டியை வாங்க மாட்டேன் என்றேன். அத்தானின் முகம் மாறியது.

“சரி, வாங்க வேண்டாம். ஃபைல் எந்த டேபிள்ல நிக்கின்னு மட்டும் சொல்லு. சேர்மன் என்னத்தான கேக்காரு. நல்லதா கெட்டதான்னு தலைய ஆட்டு, போதும். உனக்குத் தெரியாம இருக்குமா?”

“அத்தான், அது முடியாது.”

“கெஞ்சிக் கேக்கேன் ஜெசி.”

நான் தலையை ஆட்டவில்லை. மேலே கீழேயும் இல்லை, பக்கவாட்டிலும் இல்லை. கழுத்து சுளுக்கிக்கொண்டதுபோல உட்கார்ந்திருந்தேன். அத்தான் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அக்கா என்னைப் பார்த்தாள்.

“ஏட்டி, அவிய என்ன கேட்டுட்டாவ உங்கிட்ட? ஒரு தலையாட்டலு. இந்த வீட்டுச் சோறு தின்னுட்டு...”

முடிக்கவில்லை. முடிக்காததே நல்லது.

ஜூலை 7, திங்கள்

பெட்டி விஷயத்தை ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். இஸ்மத் அதை என் கையிலிருந்து வாங்கும்போது என் முகத்தைப் பார்க்காமல் வாங்கினாள். நல்ல பெண்.

ஜூலை 9, புதன்

தனியாகச் சமைப்பதில் ஒரு வசதி இருக்கிறது, பிடித்ததைச் செய்யலாம். இன்று வெண்டைக்காய் வதக்கல். உப்புப் போட மறந்துவிட்டேன். சாப்பிட்டு முடித்த பிறகுதான் தெரிந்தது.

ஜூலை 13, ஞாயிறு

கோயிலில் அக்கா மூன்றாம் வரிசையில், நான் பின்னால். கீழ்த்தளத்திலிருந்து குக்கர் விசில் கேட்டது. கறி. நான் தயிர்சாதம். வெயிலுக்குத் தயிர்சாதம்தான் நல்லது.

ஜூலை 19, சனி

மின்விசிறி துடைத்தேன். அலமாரி துடைத்தேன். ஏற்கெனவே துடைத்த அலமாரி. ரகோத்தமன் சாரின் வியாதி எனக்கும் வந்துவிட்டது.

படியில் அத்தான் எதிரே வந்தார். கையில் தைத்து வந்த கோட்டு, பிளாஸ்டிக் உறைக்குள். “சாப்பிட்டியா?” என்றார். “சாப்பிட்டேன் அத்தான்.” அவ்வளவுதான். மணி பதினொன்று; சாப்பிடும் நேரமே இல்லை. இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

ஜூலை 30, புதன்

இன்று ஒரு பைத்தியக்கார யோசனை. கையெழுத்துப் போடும் முன் கம்பெனிக்காரரின் பழைய தொழில்களைப் பற்றி டைரக்டர்கள் என்னென்ன கேட்க வேண்டும் என்று எங்கள் ஆணையமே ஒரு வழிகாட்டி போட்டிருக்கிறது. வலைத்தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதை அச்செடுத்து அத்தான் வீட்டுக் கதவிடுக்கில் செருகினால்? ரகசியம் எதுவும் இல்லையே.

அச்செடுத்தேன். படியில் பாதி இறங்கினேன். அத்தானுக்கு இதை இன்று, நான் கொடுத்தால், அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். திரும்பி ஏறி வந்து, அதன் மேல் கருவேப்பிலையைக் காயவைத்தேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

அக்கா கதவைத் தட்டினாள். ஒரு மாதத்துக்குப் பிறகு. உள்ளே வரவில்லை, வாசலிலேயே நின்றாள்.

“உங்க ஆபீஸ்ல இருந்து கூப்புட்டிருக்காவ. டைரக்டர்மாரு எல்லாரும் செவ்வாக்கிழம நேர்ல வரணுமாம். எதுக்குட்டி?”

“தெரியாது அக்கா.”

உண்மைதான். ஃபைல் என்னிடம் இல்லை. ஆனால் ஊகிக்க முடியும். விண்ணப்பித்தவரிடம் காட்டலாம் என்று அந்த நாட்டு ஆணையம் ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தால்தான் நேரில் கூப்பிட்டு விளக்கம் கேட்க முடியும்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “மெலிஞ்சிட்ட” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

நாளைக்கு லீவு கேட்டேன். சார் கொடுக்கவில்லை.

“அன்னிக்குன்னு பாத்து நீங்க லீவு போட்டா, அதுவும் ஒரு சேதிதான். வழக்கம்போல வாங்கோ. நாலாவது மாடிப் பக்கம் மட்டும் போகாதீங்கோ.”

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நாலாவது மாடிக்குப் போகவில்லை. லிஃப்ட்தான் சதி செய்தது.

கீழே டீ வாங்கிக்கொண்டு ஏறினேன். கதவு மூடப் போகும்போது யாரோ கையை நீட்டித் தடுத்தார்கள். நாலைந்து பேர், கழுத்தில் பார்வையாளர் அட்டையோடு. முன்னால் ஒருவர், வாசனைத் திரவியம் முதலில் வந்து அவர் பின்னால் வந்தார். கடைசியில் அத்தான், கோட்டில். கோட்டு தோளில் கொஞ்சம் பெரிது. இத்தனை வருஷத்தில் அத்தானை என் ஆபீசில் பார்த்ததே இல்லை. சின்னவராகத் தெரிந்தார்.

வாசனைக்காரர் என் கழுத்து அட்டையைப் படித்தார். முகம் மலர்ந்தது.

“மேடம்! நீங்கதானே நம்ம ஞானதுரை சாரோட...”

டீ தளும்பி விரலில் கொட்டியது. அவர் பேசுகிறார், நான் என்ன பதில் சொன்னாலும் தப்பு, லிஃப்டில் கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது.

“இல்ல சார்” என்றார் அத்தான். “அது வேற ஆளு. இவங்கள எனக்குத் தெரியாது.”

பிறகு என்னைப் பார்த்து, வங்கியில் வாடிக்கையாளரிடம் பேசும் குரலில், “மேடம், நாலாவது மாடி கொஞ்சம் அமுக்குறீங்களா?” என்றார்.

அமுக்கினேன். அத்தான் சேர்மனின் பிடரியையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலாவது மாடியில் எல்லோரும் இறங்கினார்கள்.

என் மாடி இரண்டு. அதை அமுக்க மறந்துவிட்டேன். மொட்டை மாடி வரை போய்த் திரும்பி வந்தேன். சாரிடம் நடந்ததை எழுதிக் கொடுத்தேன். டீ ஆறிவிட்டது. விரலில் கொப்புளம் இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

அக்கா வந்தாள். இந்தத் தடவை உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து முழுவதும் சொன்னாள்.

இஸ்மத்தும் இன்னும் இரண்டு அதிகாரிகளும் கேள்வி கேட்டிருக்கிறார்கள். சேர்மன் வேறொரு பெயரில் நடத்திய கம்பெனியின் உரிமத்தை அந்த நாட்டில் ரத்து செய்திருக்கிறார்கள். கடன் வாங்கியவர்களின் போனிலிருந்து உறவினர் எண்களை எடுத்து மிரட்டியதற்காக. எங்கள் ஆணையத்துக்குக் கொடுத்த விண்ணப்பத்திலோ ‘முன்பு உரிமம் ரத்தானது உண்டா’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று போட்டிருக்கிறார். புது டைரக்டர்களைச் சேர்த்து மறுபடி கொடுத்த அந்தப் பக்கத்தில் எல்லா டைரக்டர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அத்தானும்.

“இவிய சேர்மனப் பாத்து, ‘சார், இல்லன்னுதானே எங்கிட்ட சொன்னீங்க’ன்னு கேட்டாவளாம். அவன், ‘அது ஒரு டெக்னிக்கல் மேட்டர் சார், அப்புறம் பேசிக்கலாம்’னானாம். அந்த எடத்துலயே ஒரு வெள்ளத்தாள் வாங்கி ராஜினாமா எழுதிக் குடுத்துட்டாவ.”

பிறகு அக்கா குரலைத் தாழ்த்தினாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான் இருந்தோம்.

“அந்தப் புள்ள கேட்டுச்சாம்: ‘உங்க உறவினர் இங்க வேல பாக்காங்க, எதுவும் சொன்னாங்களா?’ன்னு. இவிய என்ன சொன்னாவ தெரியுமா? ‘ஒரு வார்த்த சொல்லல. கெஞ்சிக் கேட்டேன், தலையக்கூட ஆட்டல. அவ சொல்லியிருந்தா நான் இப்பிடி உங்க முன்னால முட்டாளா உக்காந்திருக்க மாட்டேன்’னு.”

தெரிந்து கையெழுத்துப் போட்டிருந்தால் அத்தானும் பொய்க்கு உடந்தை. தெரியாமல் போட்டதால்தான் தப்பித்தார். சேர்மனோடு நடந்த பேச்சை அவர் ஒன்றுவிடாமல் சொன்னதை இஸ்மத் எழுதிக்கொண்டாளாம்.

“ஒனக்கு எல்லாம் தெரியும், என்னட்டி?” என்றாள் அக்கா.

நான் புது மிக்சியைக் காட்டினேன். நன்றாக அரைக்கிறதா என்று கேட்டாள். நன்றாக அரைக்கிறது என்றேன். அக்கா என் தலைமுடியைக் கோதிவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அத்தான் கோயிலுக்கு வரவில்லை. கார்டு வாங்கியவர்கள் எல்லாம் விசாரித்தார்கள். அக்கா “காச்சலு” என்றாள்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

உரிமம் மறுப்பு. ஆணையத்தின் வலைத்தளத்தில் காரணத்தோடு வெளியாகிவிட்டது. இனி ஊருக்கே தெரிந்த விஷயம். எனக்கு எப்போது தெரியும் என்பது மட்டும் இன்னும் ரகசியம்தான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். அத்தான், பின்னாலேயே அக்கா. அத்தான் என் வீட்டு மாடி ஏறி வந்து எத்தனை நாளாயிற்று! லுங்கியும் பனியனுமாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். காப்பி போட்டுக் கொடுத்தேன். பாதியைக் குடித்தார்.

“ரெண்டு கேள்வி” என்றார். “மொத கேள்வி. இது ஒனக்கு எப்பலருந்து தெரியும்?”

“அத இப்பவும் சொல்ல முடியாது அத்தான்.”

“அவன் கத எல்லாம் இன்டர்நெட்ல வந்துட்டு ஜெசி.”

“அது வந்துட்டு. நீங்க கேக்கது வரல.”

அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அத்தான் தலையை ஆட்டினார், கோபமாக இல்லை.

“சரி, அத விடு. ரெண்டாவது கேள்வி.” காப்பி டம்ளரை ஒரு சுற்றுச் சுற்றினார். “லிஃப்டுல அவன் ஒன்னப் பாத்ததும் சிரிச்சாம்லா. எங்கிட்ட ஒருநாளும் அப்பிடிச் சிரிச்சதில்ல. என்ன எடுத்தது என் அனுபவத்துக்காவ இல்ல. ஒனக்காவத்தான், என்ன?”

இதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. எந்த நாட்டின் ஒப்புதலும் வேண்டியதில்லை. பாதாம் பெட்டி வந்த அன்றைக்கே எனக்குத் தெரிந்துபோன விஷயம். யாரும் என்னைச் சொல்லாதே என்று கட்டிப்போடவில்லை. இத்தனை நாளும் நானாகத்தான் சொல்லவில்லை, இந்தப் பக்கங்களில்கூட. அக்கா கண்ணால் ‘இல்லன்னு சொல்லு’ என்றாள்.

“ஆமா அத்தான். அப்பிடித்தான் நெனைக்கேன்.”

அத்தான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே யாரோ வண்டியைக் கிளப்ப முடியாமல் உதைத்துக்கொண்டே இருந்தார்கள். அவருடைய தோள் குலுங்கியது. ஐயோ, அழ வைத்துவிட்டேனே என்று நான் எழுந்து பக்கத்தில் போனேன். திரும்பினார். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீரும் இருந்தது.

“முப்பத்தெட்டு வருசம் ஒருத்தன் சிபாரிசும் இல்லாம வேல பாத்தவன். ரிட்டயர் ஆன பொறவு கொழுந்தியா சிபாரிசுல ஒரு வேல கெடச்சிருக்கு, அதுவும் அவளுக்கே தெரியாம!”

அக்கா சிரிக்க ஆரம்பித்தாள். பிறகு நான். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

அத்தான் எழுந்து டம்ளரை என் கையில் கொடுத்தார். “வாட்டி, கீழ வா. சோறு ஆறுது.”